தானியேலின் கையும் நாலு ரப்பர் துண்டும்

1

இந்தக் கதை ஒரு கிறுக்கலில் பிறந்தது. என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. அதில் இருப்பது என் கையெழுத்துதான், ஆனால் எனக்கே வாசிக்க வரவில்லை. ஒரு வார இதழின் போட்டிக்காகக் காதல் கதை ஒன்றை, ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டில் வரிசையில் நின்ற லாரிக்குள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். 'அவள் கண்கள்' என்பது வரை புரிகிறது. அதற்கப்புறம் மைக்கூட்டில் விழுந்த எறும்பு எழுந்து ஓடிய மாதிரி இருக்கிறது. அந்தக் காதல் கதை அன்றோடு ஒழிந்தது, வாசகர்கள் பிழைத்தார்கள். அதற்குப் பதிலாக என் தலையில் வந்து உட்கார்ந்ததுதான் இது.

என் பெயர் எம்பார். திருவள்ளூரில் பெருமாள் கைங்கர்யம் செய்யும் குடும்பம். அப்பா மடப்பள்ளியில் கரண்டி பிடித்தார். எனக்குக் கரண்டி ஒத்துவரவில்லை. கும்மிடிப்பூண்டியில் பொட்டல் வெளியில் புதிதாக எழும்பிய தொழிற்பேட்டையில் ஓர் ஆணிக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பராக வந்துவிட்டேன். ஆனால் கதை என்னுடையதல்ல. கம்பெனி லாரி டிரைவர் தானியேலுடையது. ஆகையால் முடிந்த மட்டும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சொல்லப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'ஐப்பசி மாத அடைமழையில் தானியேல் லாரியைக் கிளப்பியபோது வானம் இடித்து

[வேண்டாம். அன்று மழை பெய்ததா என்று எனக்கு நினைவில்லை. மழை இருந்தால் கதைக்குக் கனம் கூடும் என்று நானாகப் பெய்ய வைத்தது.]

இரண்டாம் தொடக்கம்: 'தானியேல் குடிக்கிறான் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.'

[இதுவும் வேண்டாம். முதல் வரியில் கேட்டதை வாசகர் கடைசிவரை மறக்கமாட்டார். கம்பெனியிலும் அதுதான் நடந்தது.]

மூன்றாம் தொடக்கம்: 'தானியேல் தன் கையைப் பார்த்தான்.'

இது பரவாயில்லை. ஒரு திருத்தம்: 'பார்த்தார்.' என்னைவிட ஆறு வயது மூத்தவரை ஸ்டோரில் 'வாப்பா, போப்பா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என்னை 'ஐயரே' என்பார். நான் ஐயங்கார் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். 'ரெண்டும் தயிர்சோறுதானே' என்பார். கதையிலாவது அவருக்கு மரியாதை இருக்கட்டும்.

தானியேல் தன் கையைப் பார்த்தார். 1974 ஐப்பசி. செக்போஸ்ட்டில் அவருக்கு முன்னால் இருபது லாரி. பாட்டரி சரியில்லாத வண்டி. இன்ஜினை அணைத்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஆணிப் பெட்டி ஏற்றிய லாரியை எந்தப் புண்ணியவான் வந்து தள்ளுவான்? அதனால் அணைக்காமல், நகராத லாரியில் ஓடுகிற இன்ஜினோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கதவின் கைப்பிடி கடகடவென்று அடித்துக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் பின்னால் நின்ற லாரி இரண்டாகத் தெரிந்தது. பல்லைச் சேர்த்து வைத்தால் பல்லோடு பல் தட்டியது. கைகளை ஸ்டீயரிங் மேல் வைத்திருந்தார். வேறு எங்கே வைப்பது?

இறங்கிப் போய்க் கன்னியம்மா கடையில் டீ வாங்கினார். டீ கிளாஸின் விளிம்பைத் தாண்டிப் புறங்கையில் வழிந்தது. வலது கையை இடது கையால் பிடித்தார். இடது கையும் ஆடியது.

"இன்னா தானியேலு, காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?" என்றாள் கன்னியம்மா. மதுவிலக்கு மறுபடி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

தானியேலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அந்தக் கிளாஸில் தன் நைனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா மீஞ்சூர்ப் பக்கம் வயலுக்கு அண்டை கட்டி, நாற்று நட்டு, கூலியைக் கள்ளுக்குக் கொடுத்தவர். கடைசி இரண்டு வருஷம் சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கை ஆடும். அம்மாதான் ஊட்டினாள். அதைப் பார்த்து வளர்ந்த தானியேல் ஒரு சொட்டு தொட்டதில்லை. மாதா மாதம் ராப்போஜனத்தில் கொடுக்கிற திராட்சை ரசத்தைக்கூட உதட்டில் ஒற்றிவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆள். குடிக்காமலே அந்தக் கை வந்துவிட்டதே, ரத்தத்திலேயே இருந்திருக்கிறதே என்று நினைத்தவர், கிளாஸைக் காலி செய்யாமல் வைத்துவிட்டு லாரிக்குத் திரும்பினார்.

வீட்டில் செல்விக்கு அப்போது மூன்று மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. சாயங்காலம் ஞானம்மா குழந்தையை நீட்டினாள். "கொஞ்சம் புடி, ஒல கொதிக்குது."

"கையில கிரீஸு" என்றார் தானியேல். கை சுத்தமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவர் குழந்தையைத் தூக்கவில்லை.

3

இங்கே ஒரு பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஸ்டோர் கீப்பர். அவன்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. மூன்றாம் மனிதனாக எழுதினால் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறான், அதனால் 'நான்' என்றே எழுதிவிடுகிறேன்.

லாரி இன்ஜின் நேரே இரும்புச் சட்டத்தின்மேல் உட்காருவதில்லை. நடுவில் நாலு ரப்பர் துண்டுகள் இருக்கும். மவுண்டிங் ரப்பர் என்பார்கள். எங்கள் லாரியில் எண்ணெய் பட்டுப் பட்டு அது ஊறிக் கிழிந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று. மேனேஜர் கிருஷ்ணஸ்வாமி, 'ஓய் எம்பார், ரப்பர் வாங்கறீரா, அப்பளம் வாங்கறீரா?' என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

எனக்கு ரோஷம். மீஞ்சூரில் அரிசி மில் உருளைகளுக்கு ரப்பர் வார்க்கும் சின்னதுரையிடம் போனேன். உருளைக்கு வார்க்கிற அதே ரப்பரில் நாலு துண்டு அச்செடுத்துத் தந்தான்.

"நெல்லோட உமியவே உரிக்கிற ரப்பரு ஐயரே. உன் இன்ஜினு இத்த இன்னா பண்ணிடும்?"

கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. அதைவிடச் சிறந்த சரக்கு உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன். கத்தரிக்காய் வாங்கும்போது அழுத்திப் பார்த்துப் பழகியவன், கெட்டியாக இருந்தால் நல்லது என்று நம்புகிற சாதி.*

* அந்த நாலு துண்டும் இப்போது என் மேஜையில், இந்தக் காகிதங்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது. சின்னதுரை பொய் சொல்லவில்லை.

அந்த ஐப்பசிக்குச் சற்று முன், தானியேல் லீவில் இருந்த ஒரு நாளில் மெக்கானிக் ஆதிகேசவன் அதைப் பொருத்தினான். இன்ஜினைக் கிளப்பிவிட்டுக் காதைச் சொறிந்தான். "இன்னாபா இது, கல்லு கணக்கா கீது? ரப்பரு மெத்துனு இருந்தாத்தான் இன்ஜினு ஆட்டத்த அதே முழுங்கிக்கும். இது முழுங்காது, அப்டியே கேபினுக்குத் தள்ளிடும்."

"புதுசுப்பா. ஓட ஓடப் பழகிடும்" என்றேன்.

வாசகர் கேட்பார்: தானியேலுக்கே தெரியாதா? லாரி ஆடுவது அவருக்குத் தெரிந்தது. கை ஆடுவதும் தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். லாரி என்றால் ஆடத்தான் செய்யும். கை ஆடுவதற்கு அவரிடம் ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது, அதை அவர் பன்னிரண்டு வயதிலிருந்து சுமந்துகொண்டிருந்தார்.

4

[இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். தாண்டினால் கதை நொண்டும்.]

மார்கழியில் ஒரு மத்தியானம் தானியேல் ஸ்டோருக்கு வந்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல்கள் தனித்தனியாக ஆடின.

"யார்கிட்டயும் சொல்லிறாத ஐயரே. எங்க நைனாக்கு வந்தது எனுக்கும் வந்துட்ச்சி. லைசென்ஸு போச்சின்னா இன்னா வேல செய்வேன்? கழனில போய் நிக்கவா?"

எனக்கு மனசு இளகியது. அது பொய்யில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன். எங்கள் ஊரில் அமாவாசையன்று பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று நம்பிக்கை. எத்தனை பேர் வந்து கரைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"நாங்க வேதக்காரங்கபா."

"குளத்துப் படியில யாரு உன்னை ஞானஸ்நானம் ஆச்சான்னு கேக்கப் போறா? தை அமாவாசைக்குப் போ. நாலு நாள் லீவு நான் எழுதித் தரேன்."

ஞானம்மா அவரைவிட வேகமாகச் சம்மதித்தாள். "கர்த்தரு இதுக்கெல்லாம் கோச்சிக்கமாட்டாரு. நோவு நம்முளுதா, அவுருதா?" என்றாள். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மட்டும் முடிவு செய்தார்கள். முந்தானையில் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு, கால் கிலோ வெல்லத்தோடு, கூட்டத்தோடு கூட்டமாகக் குளத்தில் இறங்கினார்கள். கரைத்தார்கள். தானியேல் பழக்க தோஷத்தில் 'ஸ்தோத்திரம்' என்று வாயெடுக்க, ஞானம்மா விலாவில் இடித்தாளாம்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் ஞானம்மா ஒரு டம்ளரில் தண்ணீரைத் தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டினாள். தானியேல் வாங்கினார். தண்ணீர் அசையவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைக் கேட்காமல், குழந்தையைத் தூக்கினார். அன்று முழுக்க இறக்கவில்லை. அடுத்த நாளும். தெருமுனை வரை போய்ப் பெட்டிக்கடைக்காரனிடம் காட்டிவிட்டு வந்தார். குழந்தை அவர் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு தூங்கியது.

நாலு நாளாக அவர் லாரியில் ஏறவில்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லீவு முடிந்து வேலைக்கு வந்தார். செக்போஸ்ட்டில் இரண்டு மணி நேரம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றார். ஞானம்மா அவர் கையைப் பார்த்தாள். கிட்டே வந்து அவர் வாயை மோந்து பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

5

மாசியில் செக்போஸ்ட்டிலிருந்து வந்த சீட்டில் ஒரு வரி இருந்தது: 'டிரைவர் நிதானத்தில் இல்லை.'

கிருஷ்ணஸ்வாமி என்னைக் கூப்பிட்டார். "ஓய், தானியேல் குடிக்கிறானா?"

இரண்டு பதில் சாத்தியம். 'இல்லை சார், அவன் தொடமாட்டான்' என்பது எனக்குத் தெரிந்த உண்மை. "தெரியாது சார்" என்று சொன்னேன். ஸ்டோர் கீப்பர்மேல் நம்பிக்கை இல்லை என்று சொன்னேனே, இதற்காகத்தான்.

"புதன்கிழமை டாக்டர் வரார். ட்ரிப் முடிஞ்சு வந்த கையோட அவன் கையப் பாக்கச் சொல்லப் போறேன். ஆடித்துன்னா சீட்டுக் கிழிச்சுடுவேன். சனிக்கிழமை ட்ரிப்புக்கு நீர் கூடப் போய் வேவு பாரும்."

அப்படித்தான் நான் லாரியில் ஏறினேன். வேவு பார்ப்பதற்கு வெட்கமாக இருந்ததால் ரைட்டிங் பேடைத் திறந்து காதல் கதை எழுத ஆரம்பித்தேன். 'அவள் கண்கள்' வரைக்கும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் வரிசையில் நின்றோம். உள்ளே எல்லாம் நடுங்கியது. சீட், கதவு, மேலே மாட்டியிருந்த சின்னச் சிலுவை, என் மூக்குக்கண்ணாடி. பேனா தன் இஷ்டத்துக்குப் போனது. தானியேல் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி டீ வாங்கினேன். டீ என் வேட்டியில் கொட்டியது.

கன்னியம்மா கிளாஸைப் பார்த்தாள், என் நெற்றி நாமத்தைப் பார்த்தாள். "அடப்பாவி ஐயரே, நீயுமா?"

நானும்தான். காலையில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்த கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நின்றபடியே என் மனசு மீஞ்சூர் வரை போய், சின்னதுரை பட்டறையில் வளைந்த அந்தக் கட்டைவிரல் நகத்தண்டை நின்றது. ஆதிகேசவன் சொன்னது காதில் கேட்டது. 'அப்டியே கேபினுக்குத் தள்ளிடும்.'

"இன்னா ஐயரே, மூஞ்சி பேஜாராகீது?" என்றார் தானியேல்.

அவர் பக்கத்தில்தான் நின்றார். கையெட்டும் தூரம். ஒரே ஒரு வாக்கியம்

[இங்கே நாலு தடவை எழுதி நாலு தடவை அடித்திருக்கிறேன்.]

"வெயில்பா" என்றேன்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: விசாரணையில் எம்பார் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான். மேனேஜரைக் கேபினில் இருபது நிமிஷம் உட்காரவைத்து, இறங்கியதும் காபி கொடுக்கிறான். காபி மேனேஜர் சட்டையில். தொழிலாளிகள் கைதட்டுகிறார்கள். இதை எட்டுப் பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. நடக்கவில்லை.

முடிவு ஆ: தானியேலுக்கு வேலை போகிறது. அழுகை, மண்வெட்டி, சூரிய அஸ்தமனம். பத்திரிகைக்குப் பிடிக்கும். இதுவும் நடக்கவில்லை.

முடிவு இ: நடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தானியேல் தன் சபைக் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், முந்தின சாயங்காலமே ஆளனுப்பி மெட்ராசிலிருந்து வரவழைத்த மெத்தென்ற ரப்பர் நாலையும் ஆதிகேசவனை வைத்து மாற்றினேன். 'பழசு கிழிஞ்சுடுத்து' என்று சொன்னேன். அவன் கழற்றிய துண்டுகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு போனான். புதன்கிழமை டாக்டர் டம்ளரைக் கொடுத்தார். தண்ணீர் அசையவில்லை. தானியேலுக்கு வேலை நிலைத்தது. என் மானமும் நிலைத்தது. ஞானம்மா எனக்கு அச்சுவெல்லம் இரண்டு கொடுத்தனுப்பினாள். "ஒங்க சாமி கொஞ்சம் லேட்டாத்தான் கேட்டாரு, ஆனா கேட்டாரு" என்று சொல்லச் சொன்னாளாம்.

இங்கே முடித்திருந்தால் சுபம். ஆனால் தானியேல் குழந்தையைத் தூக்கவில்லை.

"கைதான் நல்லாயிட்ச்சேப்பா" என்றேன் ஒருநாள்.

"போன தபாவும்தான் நல்லாச்சி. மூணு நாளு. எங்க நைனாக்கும் இப்டித்தான் ஐயரே, வந்து வந்து போவும். தூக்கிக்கினு நிக்கசொல்ல வந்துட்ச்சின்னா? கீழ உட்டா தல இன்னா ஆவும்?"

சொல்லும்போது கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது எப்போதும் அங்கேதான் வைக்கிறார். செல்வி சுவரைப் பிடித்து நடக்கப் பழகினாள். அப்பா வீட்டுக்கு வந்தால் ஓடிவருவாள். அவர் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவார், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூக்கச் சொல்லிக் கேட்பதில்லை. மற்ற குழந்தைகள் கேட்கிற வயசு. நான் ஒரு ரப்பரை மாற்றிவிட்டேன், ஒரு பயத்தை அப்படியே அவருக்குள் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு அவமானமாக இருக்கிறது.

இது அடுத்த வருஷத்துத் தை மாதம். போன வாரம் இதுவரைக்கும் எழுதியதை என் மனைவி வைதேஹிக்குப் படித்துக் காட்டினேன். நடை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நடைக்கு என்ன, நன்னாத்தான் இருக்கு" என்றாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "இதை எனக்கு எதுக்குப் படிச்சுக் காட்டறேள்? குழந்தையைத் தூக்க வேண்டியது நானா?"

7

நேற்று ஞாயிறு. கோயில் விட்டு வரும் நேரம் பார்த்துத் தானியேல் வீட்டுக்குப் போனேன். ஞானம்மா கோரைப்பாயை உதறிப் போட்டாள். கதை எழுதியிருக்கிறேன், உங்களைப் பற்றித்தான் என்றேன்.

"என்னப் பத்தியா? என்ன வில்லனா போட்டுக்கிறியா?" என்று சிரித்தார் தானியேல்.

படித்தேன். அடித்த வரிகளையும் படித்தேன். மழையைப் பற்றிய இடத்தில், "அன்னிக்கு மழையே கெடையாது" என்றார். கன்னியம்மா வந்த இடத்தில் சிரித்தார். நைனா வந்த இடத்தில் தரையைப் பார்த்தார். மூன்றாம் பகுதியில் ஞானம்மா கையிலிருந்த கத்தரிக்காயையும் அரிவாள்மணையையும் தள்ளிவைத்தாள். வெல்லம் கரைத்த இடத்தில், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. 'வெயில்பா' என்ற இடத்தில் நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நிறுத்தாமல் படித்து முடித்தேன்.

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. தானியேல் கக்கத்திலிருந்து கைகளை எடுத்தார். முன்னால் நீட்டி, திருப்பி, புறங்கையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். யாருடைய கையையோ கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தார். செல்வி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ இது எங்க நைனா கை இல்ல" என்றார்.

"இல்லை."

கைகளை மடியில் இறக்கிக்கொண்டு கேட்டார்: "எத்தினி நாளா தெரியும் ஐயரே ஒனுக்கு?"

கதை இங்கே நிற்கிறது. நான் என்ன சொன்னேன், அதற்கு அவர் என்ன செய்தார், குழந்தையைத் தூக்கினாரா, என்னை வெளியே போகச் சொன்னாரா என்பதை எழுதப்போவதில்லை. நான் எழுத ஆரம்பித்தால் மறுபடி மழை பெய்யும், கைதட்டுவார்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களுக்கும் தெரியும். மாசியில் லாரியிலிருந்து இறங்கி டீ குடித்தேன், இது தை. எண்ணிப் பாருங்கள். எண்ணியதும், என்னைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லிவிடுங்கள்.